ஒரு நாள் கறுப்பு

அப்பா வருவதற்குள் கறுப்பாக்கிவிட வேண்டும். அவள் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு அவசரமாகக் கணினி முன் உட்கார்ந்தாள்.

மாணவர்களுக்குப் பாடக் குறிப்புகள் தரும் சின்ன இணையதளம் அவளுடையது. இணையத் திருட்டைத் தடுக்க வரப்போகும் புதுச் சட்டப்படி, யாராவது ஒருவர் புகார் கொடுத்தாலே போதும், விசாரணை இல்லாமல் முழுத் தளத்தையும் மூடிவிடலாம். அதை எதிர்த்து இன்று நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரு நாள் முழுக்க இருட்டாகின்றன. கறுப்புப் பக்கத்தின் நடுவே கையெழுத்துப் போட ஒரு கட்டம் மட்டும் இருக்கும்.

கைபேசி அடித்தது. கல்லூரித் தோழி 'வாலு'.

"போட்டுட்டியாடி?"

"போட்டுக்கிட்டே இருக்கேன். அப்பா வந்துடுவாரோன்னு பயமா இருக்கு."

"இன்னும் அவர்கிட்ட சொல்லலையா? சரியான பயந்தாங்கொள்ளிடி நீ! படிக்கிறப்போ உங்க வீட்டு டிவிக்கு அடியிலேர்ந்து நீ உருவி உருவிக் குடுத்து, நான் ஹாஸ்டல் பூரா காப்பி போட்ட பட டிஸ்க்குக்கெல்லாம் சேர்த்தா, இந்தச் சட்டத்துல நம்ம ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனைதான்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

அப்பா ஒரே ஒரு படம் எடுத்தவர். வீட்டை விற்று எடுத்தார். வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பே அது இணையத்தில் வந்துவிட்டது. முதல் காட்சிக்கு அரங்கில் பதினோரு பேர்; அதில் மூன்று பேர் அப்பா, அம்மா, அவள்.

போலீசில் புகார் கொடுக்கக் கிளம்பியவர், அந்தத் திருட்டுப் பிரதியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தார். பாதியிலேயே நிறுத்தினார். போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "போறது போகட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆறு வருடமாக யார் யாருடைய படங்களையோ வெட்டி ஒட்டிக் கொடுக்கிறார். தன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேற்று அவருடைய பையில் புதுச் சட்டத்தின் அச்சுப் பிரதி இருந்தது. நாற்பது பக்கத்தில் ஒரே ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி: 'பழைய குற்றங்களுக்கும் பொருந்தும், மூன்றாண்டுச் சிறை.'

பாவம், எத்தனை நாள் காத்திருந்தாரோ என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சட்டத்துக்கு எதிராகத்தான் பெற்ற பெண்ணே உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னம்மா, எல்லாம் கறுப்பா இருக்கு?"

பின்னால் அப்பா. வந்த சத்தமே கேட்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள். "மன்னிச்சிடுங்கப்பா. உங்க படத்தைக் கொன்னவனைப் பிடிக்க இந்தச் சட்டம் வேணும்னு தெரியும். ஆனா என் சைட்டு..."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையில் இருந்ததை முழுசாகப் படித்தார்.

"கையெழுத்து எங்க போடணும்?"

கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தட்டி, அனுப்பியும்விட்டார்.

"எனக்காகப் போடாதீங்கப்பா!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்காக நீங்க விட்டுக்குடுத்ததெல்லாம் போதும். அவன் யாருன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"

"தெரியும்."

"தெரியுமா? யாருப்பா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படம் வர்றதுக்கு முன்னாடி மொத்தம் ஏழு டிஸ்க்குதான் போட்டேன். வெளிய போனா எதுன்னு கண்டுபிடிக்கணும்னு, ஒவ்வொண்ணுலயும் படத்தோட நடுவுல, மூலையில பொடியா ஒரு நம்பர் வரும். நெட்டுல வந்ததுல ஏழு இருந்துது."

"ஏழாவது யார்கிட்ட இருந்துது?"

அப்பா அவள் தலையில் கை வைத்தார்.

"நம்ம டிவிக்கு அடியிலம்மா."