அரைமணி இருமல்

ஆராதனை முடிந்து வீடு வந்ததும் உபதேசியார் ஞானாதிக்கம் பிரசங்கத் தாள்களை மேசைமேல் எறிந்தார். பிரசங்கம் தொடங்கி அரைமணி ஆனதும் பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி ரெபேக்காள் இருமுவாள். அவர் முடித்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

“இன்னிக்குப் பத்தே நிமிஷத்துல இருமிட்டே! வாரம் பூரா எழுதினது போச்சு.”

“ஜெலுத்தோங் ஊர்ல இருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்த சனம் கொட்டாவி விடுது. பத்து நிமிஷம் போதும்லா.”

“வீட்டுல இருமினா அடுப்புப் புகைங்கிறே, கோயில்ல என் பிரசங்கமா?”

அவள் சிரித்து, முந்தானையால் வாயைத் துடைத்தபடி காப்பி போடப் போனாள்.

வியாழக்கிழமை இரத்தம் கக்கி இறந்தாள்.

“காசநோய். மாசக்கணக்கா இருமியிருப்பாங்களே, நீங்க கவனிக்கலையா?” என்றார் டாக்டர்.

“கவனிச்சேன் ஐயா. ஒவ்வொரு தடவையும் பிரசங்கத்தை நிறுத்தினேன்.”

இன்றுவரை அவர் பிரசங்கம் பத்து நிமிடம்தான்.