கொழும்புக்குப் போகும் வழி

சுன்னாகத்துச் சலரோகக் கிளினிக்கில் சிறுநீரில் சீனி பார்க்கும் கண்ணாடிக் குழாய்கள் யன்னலோரம் வெயிலில் காய்கின்றன. வெளியே மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்று இருமிக்கொண்டே போகிறது. மறதி நோயை ஆராயும் மருத்துவ மாணவி, பல வருடங்களுக்கு முன் அச்சடித்த கேள்வித்தாளை, மனைவியோடு வந்திருக்கும் முதியவர் அருளம்பலத்தின் முன் விரித்திருக்கிறாள். "கொழும்புக்கு எப்பிடிப் போவியள், ஐயா?" "இஞ்சை சுன்னாகத்திலை மெயில் றெயில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டையிலை இறங்கலாம்." தாளில் பஸ், ரயில் என்று இரண்டே விடைகள். மாணவி சரி போடுகிறாள். போரில் ரயில் நின்று மூன்று வருடம், தரைவழியும் மூடிக்கிடக்கிறது. தண்டவாளம்கூடப் பங்கர் என்னும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே கேள்வியை மனைவி பராசக்தியிடமும் கேட்க வேண்டும். பராசக்தி கணவரின் சட்டைப் பொத்தானைப் பூட்டியபடியே சொல்கிறாள். "கிளாலிக் கடலாலை. இரவிலை, வள்ளத்திலை." பென்சில் தாளின்மேல் அசையாமல் நிற்கிறது. அந்த விடைக்கு அங்கே இடமில்லை. "மகனும் அப்பிடித்தான் போனவன்." "போய்ச் சேர்ந்திட்டாரோ, அம்மா?" பராசக்தியின் விரல்கள் அடுத்த பொத்தானைத் தேடுகின்றன. அது எப்போதோ விழுந்துவிட்டது. நூல் மட்டும் இருக்கிறது. "போன ஆவணியிலை. வள்ளம் அங்காலை போய்ச் சேரேல்லை." அருளம்பலம் முகத்தைச் சுளிக்கிறார். "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அவன் றெயிலிலையெல்லோ போனவன். நான்தானே ஏத்திவிட்டனான். யன்னலாலை கை காட்டிக்கொண்டு போனவன்." குழாய்களில் பட்ட வெயில் சுவரில் சின்னச் சின்னத் துண்டுகளாக நடுங்குகிறது. பராசக்தி அந்த நூலை விரலில் ஒருதரம் சுற்றி, மெல்ல விடுகிறாள்.

"எனக்கும் றெயில் எண்டே போடுங்கோ, பிள்ளை."