கோணல் முள்

பென்சில்வேனியா மலைக்காட்டில், எல்வுட்டின் வேட்டைக் குடிசை ஜன்னல் வழியாக நவம்பர் வெயில் சாய்ந்து விழுகிறது. அவன் விற்கப்போகும் பழைய மான் துப்பாக்கி மேசைமேல் கிடக்கிறது. குழலெல்லாம் துரு, கட்டையில் கட்டைவிரல் நுழைகிற விரிசல். வாங்க வந்திருக்கும் வெர்னா அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வாங்கினால் பனிக்காலம் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். சுவரில் சட்டைத் துணிகள் ஆணியடித்துத் தொங்குகின்றன. மானைத் தவறவிட்டவரின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி மாட்டுவது இங்கே வழக்கம். நடுவிலிருக்கும் சிவப்புக் கட்டம் போட்ட துணி அவளுடையது. பத்து வருஷத்துக்கு முன் இதே துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டுத் தவறவிட்டாள். அன்று கத்தரி பிடித்தவன் எல்வுட்.

"வாங்கி என்ன பண்ணப்போற? மறுபடி மரத்தைச் சுடவா?" என்கிறான் அவன், காபியை உறிஞ்சிக்கொண்டே.

வெர்னா தோட்டா இல்லையென்று பார்த்துக்கொண்டு, துப்பாக்கியை வெளிச்சத்துக்குத் தூக்கி ஒற்றைக் கண்ணை மூடுகிறாள். குழல் நுனியில் குறி பார்க்கும் முள் ஒரு நூலளவு சாய்ந்திருக்கிறது. சாய்ந்த மடிப்பிலும் துரு ஏறியிருக்கிறது. சிரிப்பில் அவள் தோள் மெல்லக் குலுங்குகிறது.

"எல்வுட், இது எப்பலேருந்து கோணலா இருக்கு?"

எல்வுட் கோப்பைக்குள் பார்க்கிறான். "எங்கப்பா கீழ போட்டதுலேருந்து. நான் கொஞ்சம் தள்ளிக் குறி வச்சுதான் சுடுவேன். உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"வாங்கிக்கிறேன். நீ சொன்ன விலைக்கே." அவள் மேசை இழுப்பறையிலிருந்து கத்தரியை எடுக்கிறாள். "திரும்பி நில்லு."

"இது நேத்து வாங்கின சட்டை" என்று முனகியபடியே, எல்வுட் அதைக் காற்சட்டைக்குள்ளிருந்து உருவி வெளியே விடுகிறான்.