கிட்டக்கவா, தூரமா?

தி.நகர் கண் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டரின் அறைக்குள் கஜபதி நுழைந்தார்.

“ஆபரேஷன்ல வச்ச லென்ஸோட பவரை இன்னிக்கு லைட் அடிச்சு சரிபண்ணி, லாக் பண்ணிடுவோம். அப்புறம் மாத்தவே முடியாது. கிட்டக்க தெளிவாத் தெரியணுமா, தூரமா?”

“கிட்டக்கதான் டாக்டர். அரிசில கல்லு பொறுக்கணும், மீன் ஆயணும், சட்டைக்கு பட்டன் தைக்கணும். தூரமா இன்னா கீது பாக்க?”

“பரவால்லயே சார், வீட்டு வேலையெல்லாம் நீங்களேவா! உக்காருங்க.”

“ஐயே, ஆபரேஷன் பண்ணிக்கினது நான் இல்ல டாக்டர். லோகா, உள்ள வா!”

கறுப்புக் கண்ணாடியோடு அவர் மனைவி லோகநாயகி வந்து உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு எதும்மா வேணும்?”

லோகநாயகி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தூரமே வைங்க டாக்டர். கிட்டக்க இருக்கிறதைத்தான் இத்தினி வருசமா பாத்துக்கினு கீறேனே.”