புதுத் தலைக்கட்டு

பையில் தொண்ணூறாயிரம் ரூபாய். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து அணைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன்.

எதிரே ஊர்க் கொட்டகையில் ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் நைனா சீனிவாசன், ஊர்த் தலைவர். அவருக்கு முன்னால் ஒரு பித்தளைக் குடம். அதற்குள் மடித்துப் போட்ட சீட்டுகள்.

இன்று பாடு குலுக்கல்.

பழவேற்காடு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று சீட்டுதான் சொல்லும். அதற்குப் பெயர்தான் பாடு. எங்கள் ஊரில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் புதுப்பெயர் சேர்ப்பார்கள். சேர வேண்டுமென்றால் ஊர்க் கணக்கில் ஒரு தலைக்கட்டாக இருக்க வேண்டும். அதாவது, கல்யாணம் ஆனவனாக இருக்க வேண்டும்.

கவியரசனுக்கு அங்கேதான் இடித்தது.

எனக்கும் அவனுக்கும் நிச்சயம் முடிந்து இரண்டு வருஷம். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இறால் வியாபாரி ராபர்ட்டிடம் வாங்கிய கடன் எண்பத்தைந்தாயிரம். பாடு இல்லாததால் அடுத்தவர் வலைக்குக் கூலியாகப் போகிறான். கூலி வட்டிக்கே சரியாகிவிடுகிறது. அசல் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கடன் அடைந்தால் கல்யாணம். கல்யாணம் ஆனால் பாடு. பாடு கிடைத்தால் கடன் அடையும். இதையே சுற்றிச் சுற்றி எங்கள் இரண்டு பேருக்கும் தலை கிறுகிறுத்துப் போயிருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஓவர்டைம், போனஸ், குடிக்காத டீக்காசு என்று சேர்த்ததுதான் பையில் இருந்தது. கல்யாணப் பணம். புடவைக்கு இவ்வளவு, பாத்திரத்துக்கு இவ்வளவு, போட்டோக்காரருக்கு இவ்வளவு என்று பிரித்துக்கூட வைத்திருந்தேன்.

மண்டபம் மட்டும் நைனாவின் பொறுப்பு. கடன் அடையட்டும் என்று காத்திருந்தது போதும் என்று அவரே நாள் குறித்துவிட்டார்: தை மாதம், மீஞ்சூரில் பெரிய மண்டபம், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. காசு எங்கிருந்து வரும் என்று கேட்டால், "அத்த நான் பாத்துக்கறேன், நீ உன் வேலயப் பாரு" என்பார். ஊர்த் தலைவர் வீட்டுக் கல்யாணம் சப்பென்று நடக்கலாமா? அந்தக் கவலை அவருக்கு.

பக்கத்தில் நின்ற பொன்னியம்மாள் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாடி ஹேமா, இந்த வெயில்ல துப்பட்டாவக் கழுத்தச் சுத்திக்கினு நிக்கிற?"

"தொண்டை கட்டிக்கிச்சு அத்தை."

கொட்டகையில் நைனா நோட்டைப் படித்து முடித்தார். இருபத்தெட்டுத் தலைக்கட்டு. புதுப்பெயர் யாராவது உண்டா என்று கேட்டார்.

கவியரசன் எழுந்தான். நைனா நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"நீ இன்னாத்துக்கு எழுந்துக்கற? உனுக்குத் தைலதான கல்யாணம். மருமவனா வரப்போறவன்னு உனுக்கு ஒரு ரூல், ஊருக்கு ஒரு ரூல் போட முடியுமா? அடுத்த குலுக்கல்ல பாக்கலாம், குந்து."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த குலுக்கல் என்றால் இன்னும் மூன்று வருஷம். மூன்று வருஷ வட்டி. கவியரசன் பதில் சொல்வான் என்று பார்த்தால், வாயில் கொழுக்கட்டையை வைத்தவன் மாதிரி நிற்கிறான். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்தேன். இவனை நம்பினால் வேலைக்கு ஆகாது.

செருப்பைக் கழற்றிவிட்டு நானே கொட்டகைக்குள் போனேன். குலுக்கல் நடக்கும்போது பெண்கள் யாரும் உள்ளே போனதில்லை. சிரிப்பு நின்றது.

"நைனா, அவரு தலைக்கட்டுதான். பேர எழுது."

சொல்லிவிட்டுத் துப்பட்டாவைப் பிரித்தேன்.

விடிகாலையில் பொன்னேரி கோயிலில் கட்டிய மஞ்சள் கயிறு இன்னும் காயவில்லை. கழுத்தெல்லாம் மஞ்சள். யோசனை என்னுடையது. கயிற்றை எடுத்துக் கொடுத்தது என் அம்மா ராஜம்மா. புடவைப் பணம், பாத்திரப் பணம், போட்டோக்காரர் பணம் எல்லாம் இன்னும் ஒரு மணி நேரத்தில் ராபர்ட் கைக்குப் போய்விடும். வருத்தமா? சத்தியமாக இல்லை. அங்கேயே குதிக்கலாம் போல இருந்தது, நைனாவின் முகத்தைப் பார்க்கும் வரைக்கும்.

அவர் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே பெண்களோடு நின்றிருந்த அம்மாவைத் தேடினார். அம்மா வேப்பமரத்தில் காக்கா எண்ணிக்கொண்டிருந்தாள்.

நைனா பேனாவைத் திறந்தார். இருபத்தொன்பது என்று போட்டுப் பக்கத்தில் கவியரசன் பெயரை எழுதினார். ஒரு சீட்டிலும் எழுதி, நாலாக மடித்துக் குடத்தில் போட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்தது.

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, யாரையோ தேடி அழுத்திக் காதில் வைத்தார்.

"ராபர்ட்டு, சீனிவாசன் பேசறேன். மண்டபத்துக்குன்னு ரெண்டு லட்சம் கடன் கேட்டிருந்தேன்ல? வேணாம்பா. எம்பொண்ணு கல்யாணம் முடிஞ்சிடுச்சு."