அப்பனுக்கும் சேர்த்து

பிரின்சிக்கு வாசிப்பதில் தடங்கலே இல்லை, தனி டீச்சர் தேவையில்லை என்றது பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் பள்ளிக்கூடத்து ஏஐ மெஷின். மீன் லாரி ஓட்டும் அவள் அப்பன் சூசை அதை நம்பவில்லை. பள்ளிக்குச் சம்பந்தமில்லாத வெளி மெஷினை வீட்டுக்கே வரவழைத்தார். அதையும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

"நடுவுல வாயத் தொறந்திய, டீச்சர் கெடைக்காது," என்று மிரட்டினாள் மனைவி ரீத்தா.

மெஷின் காட்டிய படக்கதையில் பிள்ளை ஒரு வரியில் திணறியதும் சூசைக்குப் பொறுக்கவில்லை. எட்டிப் பார்த்து, படத்திலிருந்த படகை வைத்து ஒரு வரியைக் கட்டிச் சொன்னார்.

"அண்ணாச்சி, அந்த வரியில படகே இல்லியே," என்றது மெஷின். "அடுத்ததையும் நீங்களே படிங்க."

சூசை முதல் சொல்லிலேயே எழுத்துக்கூட்டித் திணறினார். ரீத்தா தலையில் கைவைத்தாள்.

மெஷின் தீர்ப்பு சொன்னது: ரெண்டு பேருக்கும் ஒரே தடங்கல், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தனி டீச்சர்.

பிரின்சி துள்ளினாள். "எப்பா, கிளாசுல என்னயப் பாத்து எழுதக் கூடாது, சொல்லிட்டேன்!"