வெளுக்காத பச்சை

இருட்டறையில், நுண்ணோக்கியோடு இணைந்த திரையில் எலியின் ஈரல் முழுக்கப் பச்சைப் புள்ளிகள் மின்னின. சிதைந்த டிஎன்ஏவில் மட்டுமே ஒட்டும் சாயம் அது. ஒவ்வொரு புள்ளியும் செத்துக்கொண்டிருக்கும் ஒரு செல். எலிக்குக் கொடுத்த புது மருந்து ஈரலைக் கொல்கிறது என்றாள் ஆய்வு மாணவி ஜெசிந்தா. ஆய்வகத் தலைவர் வேதமூர்த்தி திரையை ஏறிட்டும் பார்க்காமல் விளக்கைப் போட்டார்.

"சார், வெளிச்சம் பட்டா சாயம் வெளுத்துடும்."

"வெளுக்கட்டும்மா. நாளைக்குப் படம் எடு. புள்ளி இல்லாத படந்தான் கம்பெனிக்கு வேணும்."

"சாயம் வெளுக்கும் சார். செத்த செல்லு பொழைச்சு வந்துடுமா? இந்த மாத்திரைய அப்புறம் மனுஷங்கதான முழுங்கணும்?"

அவர் கதவை நோக்கி நடந்தார். ஜெசிந்தா விடுவிடுவென்று போய் விளக்கை அணைத்துவிட்டுக் கதவை மறித்து நின்றாள். இருட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். கழற்றிச் சட்டை நுனியில் அழுத்தித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.